தீவிரவாத வரையறையும் நமது வழிபாட்டிடங்களும்: பிரிட்டனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஆகியவற்றை நடத்தும் தமிழர்களிடமிருந்து ஒரே வகையான சந்தேகங்கள் எனக்குத் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கு ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பதில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைப்பது மேல் என்று தோன்றியதால் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். இங்கிலாந்தையும் வேல்ஸையும் மனத்தில் வைத்து எழுதியது இது. வழக்கு, விசாரணை என்று வந்துவிட்டால் வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும்.

தீவிரவாதமும் பயங்கரவாதமும் ஒன்றுதானே? எதற்கு இரண்டு தனித்தனிச் சட்டம்?

இரண்டும் ஒன்றல்ல, இரண்டுக்கும் தனித்தனிச் சட்டம் இருக்கிறது என்பதும் சரியல்ல. பயங்கரவாதத்துக்கு மட்டுமே சட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டம் தன் முதல் பிரிவிலேயே அதை வரையறுக்கிறது. அரசியல், மத, இன அல்லது கருத்தியல் நோக்கம் ஒன்றை முன்னெடுப்பதற்காக, அரசின் முடிவை மாற்றவோ பொதுமக்களை அச்சுறுத்தவோ, கடும் வன்முறை போன்ற செயல்களைச் செய்வதும் செய்வதாக மிரட்டுவதும் பயங்கரவாதம். அதற்குச் சிறைத் தண்டனை உண்டு. அமைப்புகளைத் தடை செய்யும் அதிகாரமும் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது.

தீவிரவாதம் அப்படிப்பட்ட குற்றம் அல்ல. அது அரசு தன் கொள்கை ஆவணங்களில் எழுதி வைத்திருக்கும் ஒரு வரையறை. நாடாளுமன்றம் அதைச் சட்டமாக நிறைவேற்றவில்லை. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு வேறுபாட்டைச் சார்ந்தே நிற்கின்றன.

சரி, அப்ப தீவிரவாதம் எண்டு அரசாங்கம் எதைச் சொல்லுது?

இரண்டு வரையறைகளை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 2011ஆம் ஆண்டின் வரையறை, ‘அடிப்படை பிரிட்டிஷ் விழுமியங்களை’ வெளிப்படையாகவோ செயல் மூலமாகவோ எதிர்ப்பதைத் தீவிரவாதம் என்றது. ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, தனிமனிதச் சுதந்திரம், வெவ்வேறு மதங்களையும் நம்பிக்கைகளையும் மதித்துச் சகித்துக்கொள்ளுதல் ஆகியவை அந்த விழுமியங்கள். பிரிட்டிஷ் படையினரைக் கொல்லச் சொல்வதும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது.

2024 மார்ச் 14 அன்று, சமூகங்களுக்கான அமைச்சராக இருந்த மைக்கேல் கோவ் புதிய வரையறையை வெளியிட்டார். வன்முறை, வெறுப்பு அல்லது சகிப்பின்மையை அடிப்படையாகக் கொண்ட ஒரு கருத்தியலைப் பரப்புவதோ முன்னெடுப்பதோ தீவிரவாதம். ஆனால் அதன் நோக்கம் மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். பிறருடைய அடிப்படை உரிமைகளை மறுப்பது அல்லது அழிப்பது முதலாவது. பிரிட்டனின் நாடாளுமன்ற ஜனநாயகத்தைச் சிதைப்பது, கவிழ்ப்பது அல்லது மாற்றீடு செய்வது இரண்டாவது. இந்த இரண்டையும் மற்றவர்கள் செய்வதற்கு ஏதுவான சூழலை வேண்டுமென்றே உருவாக்குவது மூன்றாவது.

பழைய வரையறையில் என்ன குறை? நன்றாகத்தானே இருந்தது?

படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். பயன்படுத்தப் போனால் சிக்கல். தனிமனிதச் சுதந்திரத்துக்கு எதிரானவை என்று சொல்லத்தக்க கருத்துகள் பழமைவாதம் பேசும் எல்லா மதங்களிலும் உண்டு. கருக்கலைப்பையோ ஓரினத் திருமணத்தையோ எதிர்த்துப் பிரசங்கம் செய்யும் ஒருவர் தீவிரவாதியா என்று கேட்டால் 2011 வரையறையிலிருந்து உறுதியான பதில் கிடைக்காது. முடியாட்சி வேண்டாம் என்பவரைப் பற்றிக் கேட்டாலும் அப்படித்தான்.

அரசுக்கே இது தெரிந்திருந்தது. தீவிரவாதத்துக்கு எதிரான மசோதா ஒன்று கொண்டுவரப்படும் என்று 2015ஆம் ஆண்டும் 2016ஆம் ஆண்டும், அரசு கொண்டுவரப்போகும் சட்டங்களை நாடாளுமன்றத்தில் சொல்லும் அரசியார் உரையில் அறிவிக்கப்பட்டது. நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய வரையறையை எழுத முடியாததால் அந்த மசோதா அவைக்கு வரவே இல்லை. 2018இல் செயல்படத் தொடங்கிய தீவிரவாத எதிர்ப்பு ஆணையம் சாரா கான் தலைமையில் ‘வெறுப்புத் தீவிரவாதம்’ என்ற குறுகலான வரையறையை அடுத்த ஆண்டு முன்வைத்தது. அதுவும் சட்டமாகவில்லை. வல்லுநர்களால் பல ஆண்டுகள் முயன்றும் சட்டமாக எழுத முடியாத ஒன்றை ஓர் அமைச்சகம் கொள்கை அறிக்கையாக வெளியிட்டுவிட்டது என்பதே என் மனக்குறை. சொற்களை மட்டும் பார்த்தால் 2024 வரையறை பழையதைவிட மேலானது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த மூன்றாவது அம்சம் புரியவில்லை. ‘ஏதுவான சூழல்’ என்றால் என்ன?

விமர்சகர்களில் பலரும் விரல் வைத்த இடம் இது. முதல் இரண்டு அம்சங்களில் ஒருவருடைய சொந்த நோக்கத்தைப் பார்க்கிறார்கள். மூன்றாவதில் அவர் இன்னொருவருக்கு வழி திறந்துவிட்டாரா என்று பார்க்கிறார்கள். ஒரு மண்டபத்தை வாடகைக்கு விடுவது, ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திடுவது, ஒரே மேடையில் அமர்வது ஆகியவை எல்லாம் இதில் அடங்குமா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

‘வேண்டுமென்றே’ என்ற சொல் ஒரு காப்புதான். தெரியாமல் மண்டபம் கொடுத்த அறங்காவலர் இதற்குள் வரமாட்டார். ஆனால் வேண்டுமென்றே செய்தாரா என்பதை முடிவு செய்வது நீதிமன்றம் அல்ல, அமைச்சர் என்பதை மறந்துவிடக் கூடாது.

எங்கள் அமைப்பைத் தீவிரவாத அமைப்பு என்று முடிவு செய்தால் கைது செய்வார்களா? வங்கிக் கணக்கை முடக்குவார்களா?

இந்த வரையறையின் பெயரால் அதைச் செய்ய முடியாது. முதல் பதிலைப் பாருங்கள். அந்த அமைப்போடு அமைச்சர்களும் அதிகாரிகளும் பேச மாட்டார்கள், அதற்கு அரசுப் பணம் போகாது, அதன் பிரதிநிதிகளுக்கு அரசுக் குழுக்களில் இடமோ பட்டங்களோ கிடைக்காது என்பதுதான் நேரடி விளைவு. நடைமுறையில் பாதிப்பு அதோடு நிற்காது. அரசே ஒதுக்கிய அமைப்பு என்று தெரிந்த பிறகு மண்டபம் தருபவரும் நன்கொடை தருபவரும் யோசிப்பார்கள்.

கோவ் தன் அறிவிப்பின்போது ஐந்து அமைப்புகளை மக்களவையில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். பிரிட்டிஷ் நேஷனல் சோசலிஸ்ட் மூவ்மென்ட், பேட்ரியாட்டிக் ஆல்டர்னேட்டிவ் ஆகிய இரண்டு வலதுசாரி அமைப்புகளும், முஸ்லிம் அசோசியேஷன் ஆஃப் பிரிட்டன், கேஜ், மென்ட் ஆகிய மூன்று முஸ்லிம் அமைப்புகளும் கவலை தருகின்றன என்றும், வரையறைக்குள் வருகின்றனவா என்று பார்க்கப்படும் என்றும் சொன்னார். முஸ்லிம் அமைப்புகள் கடுமையாக மறுத்தன. அவைக்குள் பேசியதற்கு அவதூறு வழக்குத் தொடுக்க முடியாது என்பதால், அதே சொற்களை வெளியே வந்து சொல்லட்டும் என்ற சவாலும் எழுந்தது. 2024 ஜூலையில் ஆட்சி மாறும் வரை அதிகாரபூர்வப் பட்டியல் எதுவும் வெளியாகவில்லை. ஆனால் நாடு முழுவதும் அந்த ஐந்து பெயர்களையும் கேட்டுவிட்டது.

தடை செய்யப்பட்ட அமைப்பு மேல்முறையீடு செய்வதற்குத் தனி ஆணையம் இருக்கிறது. தீவிரவாத அமைப்பு என்று முத்திரை குத்தப்பட்ட அமைப்புக்கு அப்படி எதுவும் இல்லை; அரசின் முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று பார்க்கும் நீதிப் புனராய்வை உயர் நீதிமன்றத்தில் கோரலாம், அதற்கு ஆகும் செலவை ஒரு சிறிய கோயிலோ பள்ளிவாசலோ தாங்காது. பயங்கரவாதச் சட்டங்களின் சுதந்திர மதிப்பாய்வாளர் ஜொனதன் ஹாலே இந்தக் காப்பின்மையைச் சுட்டிக்காட்டினார். கேன்டர்பரி, யார்க் பேராயர்கள் இருவரும் அறிவிப்புக்கு இரண்டு நாள் முன்பே கூட்டறிக்கை வெளியிட்டு, முஸ்லிம்கள் அளவுக்கு மீறிக் குறிவைக்கப்படும் ஆபத்து இருப்பதாக எச்சரித்தார்கள்.

பிரிவென்ட் என்று சொல்கிறார்களே, அது எங்கள் கோயிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் பொருந்துமா?

பிரிவென்ட் என்பது பயங்கரவாதத்துக்குள் மக்கள் இழுக்கப்படுவதை முன்கூட்டியே தடுக்கும் அரசுத் திட்டம். 52 பேரைப் பலிகொண்ட 2005 ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அது விரிவடைந்தது. 2015ஆம் ஆண்டின் சட்டம் அதைக் கடமையாக்கியது. பள்ளிகள், பல்கலைக்கழகங்கள், பொது மருத்துவமனைகள், கவுன்சில்கள் எனப்படும் உள்ளூராட்சி மன்றங்கள், சிறைகள், காவல்துறை ஆகியவற்றுக்கு அந்தக் கடமை உண்டு.

வழிபாட்டிடங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. வார இறுதித் தமிழ்ப் பள்ளியும் சட்டப்படி இல்லை. ஆனால் நீங்கள் ஒரு கவுன்சில் பள்ளியின் வகுப்பறைகளை வாடகைக்கு எடுத்து நடத்தினால், உங்களிடம் பிள்ளைப் பாதுகாப்புக் கொள்கை இருக்கிறதா, அதில் இந்த விடயம் இருக்கிறதா என்று அவர்கள் கேட்பார்கள். அது வாடகை ஒப்பந்தத்தின் நிபந்தனை.

பள்ளிக்கூடத்தில் பிள்ளை ஏதோ சொல்லி, டீச்சர் எழுதிக் குடுத்திட்டால் அவனுடைய வாழ்க்கை போச்சா?

பெற்றோரின் குரலில் உள்ள பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒருவரைப் பற்றிக் கவலை இருக்கிறது என்று பிரிவென்டுக்கு எழுதிக் கொடுப்பதைப் பரிந்துரை என்கிறார்கள். 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டில் வந்த 6,922 பரிந்துரைகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு கல்வி நிலையங்களிலிருந்து வந்தவை. வயது தெரிந்தவர்களில் மிகப் பெரிய பிரிவு 11 முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகள். பெரும்பாலான பரிந்துரைகள் அடுத்த கட்டத்துக்குப் போவதில்லை. போகிறவை சேனல் எனப்படும் பல்துறைக் குழுவிடம் போகின்றன. அதில் சேர்வது விருப்பத்தைப் பொறுத்தது. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அது குற்றப்பதிவும் ஆகாது.

பதிவு எவ்வளவு காலம் இருக்கும் என்பதுதான் உண்மையான தலைவலி. 11 வயதில் பரிந்துரைக்கப்பட்டு, கவலைக்கு இடமில்லை என்று முடிக்கப்பட்ட ஒரு சிறுவனின் விவரங்களை லண்டன் பெருநகரக் காவல்துறை பல ஆண்டுகள் வைத்திருந்தது சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. ஆகவே பரிந்துரை முடிந்ததும், என்ன விவரம் எங்கே இருக்கிறது என்று தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள்; தேவையற்றதை நீக்கச் சொல்லுங்கள்.

இது முஸ்லிம்களுக்காகப் போட்ட திட்டம்தானே? இந்துக் கோயில்காரர் நாங்கள் ஏன் கவலைப்பட வேண்டும்?

தொடங்கிய விதத்தில் உங்கள் பேச்சு உண்மை. 2007இல் கவுன்சில்களுக்குக் கொடுக்கப்பட்ட முதல் பிரிவென்ட் நிதி, அந்தந்தப் பகுதியின் முஸ்லிம் மக்கள்தொகையைப் பார்த்தே பிரிக்கப்பட்டது. இன்றைய எண்கள் வேறு கதை சொல்கின்றன. 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டில் வந்த 8,778 பரிந்துரைகளில் பாதிக்கு மேல் எந்தக் கருத்தியலும் அடையாளம் காணப்படாதவை. 21 விழுக்காடு தீவிர வலதுசாரிக் கருத்து பற்றியவை. இஸ்லாமியத் தீவிரவாதம் பற்றியவை 10 விழுக்காடு. மறுபக்கம், உளவு அமைப்பான எம்ஐ5 கையாளும் பயங்கரவாத வழக்குகளில் முக்கால் பங்கு இஸ்லாமியத் தீவிரவாதம் சார்ந்தவை என்று அதன் தலைவர் 2024இல் சொன்னார். இதுபோன்ற இடைவெளியை வைத்துத்தான், பிரிவென்ட் குறி தப்பிவிட்டது என்று, அரசுக்காக அந்தத் திட்டத்தை ஆராய்ந்த வில்லியம் ஷாக்ராஸின் 2023 மதிப்பாய்வு முன்பே வாதிட்டது.

2025 ஜனவரியில் கசிந்த உள்துறையின் உள்ளக மதிப்பாய்வில் இந்துத் தேசியவாதத் தீவிரவாதமும் காலிஸ்தான் தீவிரவாதமும் இடம்பெற்றிருந்தன. அந்த மதிப்பாய்வின் முக்கியப் பரிந்துரைகளை அமைச்சர்கள் ஏற்கவில்லை. இருந்தாலும் அதிகாரிகளின் பார்வை எந்தப் பக்கமெல்லாம் போகிறது என்பது அதில் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் என்று நினைத்து ஒரு வரையறையை வரவேற்பது புத்திசாலித்தனம் அல்ல.

அரசாங்கம் யாரோடு பேச வேண்டும், யாரோடு பேசக் கூடாது என்பதை எப்படி முடிவு செய்கிறது?

2024க்கு முன்பு எழுதப்பட்ட விதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நிகழ்வுகளே முன்னுதாரணம் ஆயின. மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, 1997இல் தொடங்கப்பட்ட பிரிட்டன் முஸ்லிம் கவுன்சில். 2009 மார்ச்சில் அதன் துணைப் பொதுச்செயலாளர் காஸா தொடர்பாக இஸ்தான்புல்லில் வெளியான ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டதற்காக, அவர் பதவி விலக வேண்டும் என்று அமைச்சர் ஹேசல் பிளியர்ஸ் கேட்டார். முஸ்லிம் கவுன்சில் மறுத்தது, அரசு உறவைத் துண்டித்தது. 2010 ஜனவரியில் உறவு மீண்டும் தொடங்கியது என்றாலும், அதன்பின் வந்த ஆட்சிகள் பெரும்பாலும் அந்த அமைப்பைத் தள்ளியே வைத்தன.

அந்தத் துண்டிப்பு எவ்வளவு தூரம் பாயும் என்பதை இன்டர் ஃபெய்த் நெட்வொர்க்கின் முடிவு காட்டுகிறது. 1987 முதல் இந்துக்கள், சீக்கியர்கள், யூதர்கள், பௌத்தர்கள் உள்ளிட்ட பல மதத்தாரை ஒன்றாக அமர வைத்த அமைப்பு அது. அதன் அறங்காவலர்களில் ஒருவராக முஸ்லிம் கவுன்சிலின் உறுப்பினர் ஒருவர் சேர்ந்ததைக் காரணம் காட்டி, தருவதாக இருந்த நிதியை அரசு 2024 தொடக்கத்தில் திரும்பப் பெற்றது. ஏப்ரல் இறுதியில் அமைப்பு மூடப்பட்டது. தீவிரவாதப் புகார் எதுவும் அந்த அமைப்பின் மீது இல்லை. சண்டை அரசுக்கும் ஒரு முஸ்லிம் அமைப்புக்கும் இடையில். மேசையை இழந்தவர்கள் எல்லா மதத்தாரும்.

அரசுக்கும் ஒரு நியாயம் உண்டு. அமைச்சர் ஒருவரோடு எடுத்துக்கொண்ட படத்தை வைத்தே ஊரில் செல்வாக்குத் தேடும் அமைப்புகள் இருக்கின்றன; யாரோடும் பேசலாம் என்ற தாராளத்தால் ஒரு மதத்தின் மிகக் கடுமையான குரலே அதன் ஒரே குரல் என்று ஆகிவிடலாம். ஆனால் அரசு தனக்குப் பிடித்தவர்களோடு மட்டும் பேசினால், அப்படிப் பேசப்போனவர்களின் சொல் சொந்தச் சமூகத்திலேயே எடுபடாமல் போகிறது.

கவுன்சிலிலிருந்து கூட்டத்துக்குக் கூப்பிட்டால் ஏன் சிலர் போகவே பயப்படுகிறார்கள்?

பர்மிங்காமில் நடந்ததை மக்கள் மறக்கவில்லை. 2010இல் முஸ்லிம்கள் அதிகம் வாழும் ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் பகுதிகளின் தெருமுனைகளில் இருநூறுக்கும் மேற்பட்ட கேமராக்கள் முளைத்தன; அவற்றில் 72 மறைத்து வைக்கப்பட்டவை. பகுதிக்குள் வரும் போகும் வாகனங்களின் எண் பலகைகளைப் படிப்பவையும் அவற்றில் இருந்தன. தெருப் பாதுகாப்புக்காக என்று குடியிருப்பாளர்களுக்குச் சொல்லப்பட்டது. பணம் வந்தது பயங்கரவாத எதிர்ப்பு நிதியிலிருந்து. விடயம் வெளியே வந்ததும் கேமராக்களின் மேல் பைகளை மாட்டி மூடினார்கள். பிறகு எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். வெளிக் காவல்துறை அதிகாரி ஒருவரின் ஆய்வு அந்தத் திட்டத்தைக் கடுமையாகச் சாடியது.

அதே ஆண்டில், அரசின் வேலையை ஆராயும் மக்களவைத் தேர்வுக்குழு ஒன்றும், சமூக நல்லிணக்க வேலையையும் பயங்கரவாத எதிர்ப்பு வேலையையும் ஒன்றாகக் கலந்ததால் இரண்டுமே கெட்டன என்ற முடிவுக்கு வந்தது. என் ஆலோசனை: அழைப்பு வந்தால் போங்கள். போகும் முன், எந்த நிதியில் நடக்கிறது, குறிப்பு யார் எடுப்பார், அது எங்கே போகும் என்ற மூன்றையும் மின்னஞ்சலில் கேளுங்கள். ஒழுங்கான அதிகாரி பதில் எழுதுவார்.

மாவீரர் நாளில் கொடி பிடிச்சால் அது தீவிரவாதமா, பயங்கரவாதமா?

இது தீவிரவாத வரையறையோடு சேர்ந்த கேள்வி அல்ல. நேரடியாகப் பயங்கரவாதச் சட்டத்துக்குள் வருகிறது. தமிழீழ விடுதலைப் புலிகள் அமைப்பு பிரிட்டனில் 2001 மார்ச் முதல் தடைப் பட்டியலில் இருக்கிறது. தடையை நீடித்த உள்துறையின் முடிவில் குறை இருப்பதாக மேல்முறையீட்டு ஆணையம் 2020இல் கண்டது. 2021இல் உள்துறை மறுபடி பரிசீலித்துத் தடையைத் தொடர்ந்தது. அதை எதிர்த்த மேல்முறையீடு 2024இல் தள்ளுபடியானது.

இறந்தவர்களை நினைவுகூர்வது குற்றம் அல்ல. தடை செய்யப்பட்ட அமைப்பின் ஆதரவாளர் என்ற நியாயமான சந்தேகம் எழும் வகையில் பொது இடத்தில் ஒரு கொடியையோ சின்னத்தையோ காட்டுவது 13ஆவது பிரிவின்படி குற்றம். ‘எனக்கு அந்த எண்ணமே இல்லை’ என்ற வாதம் உதவாது. இதேபோல் தடை செய்யப்பட்ட குர்தியத் தொழிலாளர் கட்சியின் கொடி தொடர்பான 2022 வழக்கில், நோக்கத்தை நிரூபிக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏற்பாட்டாளர்கள் இதைத் தொண்டர்களுக்கு முன்கூட்டியே விளக்கிச் சொல்வது நல்லது, குறிப்பாக இங்கே பிறந்த இளையவர்களுக்கு.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பேச்சாளரை அழைக்கிறோம். அவர் மேடையில் என்ன பேசுவார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

பதிவு பெற்ற அறக்கட்டளை என்றால், அதன் பெயரும் மேடையும் தீவிரவாதக் கருத்துக்குப் பயன்படாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அறங்காவலர்களுக்கு உண்டு என்பது அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனின் நிலை. 2016 முதல் அதற்கு அதிகாரபூர்வ எச்சரிக்கை விடும் அதிகாரமும் இருக்கிறது. யூடியூபில் அவருடைய பழைய பேச்சுகள் சிலவற்றைக் கேளுங்கள். பிற மதத்தாரைப் பற்றி எப்படிப் பேசுகிறார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். பார்த்ததையும் முடிவெடுத்ததையும் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள்.

அளவுக்கு மீறிப் பயப்படவும் வேண்டாம். பல்கலைக்கழகங்கள் வெளிப் பேச்சாளர்களை எப்படி அனுமதிக்க வேண்டும் என்ற அரசு வழிகாட்டுதலின் ஒரு பத்தி, பேச்சுச் சுதந்திரத்துக்கு உரிய இடம் தராததால் சட்டவிரோதம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் சொன்னது. கசப்பான கருத்து வேறு, தீவிரவாதம் வேறு.

மற்ற நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள்?

ஐ.நா.வே 2015இல் தயாரித்த செயல்திட்டத்தில் வன்முறைத் தீவிரவாதத்தின் வரையறையை அந்தந்த நாட்டிடமே விட்டுவிட்டது. ஜெர்மனியில் எந்த அமைப்பு தீவிரவாத அமைப்பு என்று அரசமைப்புப் பாதுகாப்பு அலுவலகம் வகைப்படுத்துகிறது. வகைப்படுத்தப்பட்ட அமைப்பு வழக்குப் போடுகிறது, சில வேளை வகைப்பாட்டை நிறுத்தியும் வைக்கிறது. 2006 முதல் முஸ்லிம்களோடு பேச அங்கே தனி மாநாடும் உண்டு.

ரஷ்யாவின் 2002 சட்டத்தில் மத வெறுப்பு தொடர்பான பகுதி முதலில் வன்முறையோடு இணைந்திருந்தது. பின்னர் திருத்தத்தில் அந்த இணைப்பு எடுக்கப்பட்டது. விளைவு, துப்பாக்கி தொடமாட்டோம் என்று படைச் சேவையையே மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவினரான யெகோவாவின் சாட்சிகள் 2017இல் தீவிரவாதிகளாகத் தடை செய்யப்பட்டார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2022இல் அதை உரிமை மீறல் என்றது. இலங்கையில், 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு, 2021 மார்ச்சில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதிகள், வன்முறைத் தீவிரவாத மதக் கருத்தியல் கொண்டவர் என்ற சந்தேகத்தில் ஒருவரைக் குற்றத்தீர்ப்பு இல்லாமலே ‘புனர்வாழ்வு’க்கு அனுப்ப வழி செய்தன. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது. வரையறையில் வன்முறை இருக்கிறதா, தீர்ப்பை எதிர்க்க இடம் இருக்கிறதா என்ற இரண்டைக் கேட்டால் எந்த நாட்டின் சட்டத்தையும் எடை போட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

எங்களை அரசு ஒதுக்கி வைத்திருக்கிறதா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது?

பெரும்பாலும் கடிதங்களுக்குப் பதில் வராது, அழைப்புகள் நின்றுவிடும். காரணம் சொல்ல மாட்டார்கள். தகவல் அறியும் சட்டத்தின் கீழ், உங்கள் அமைப்பைப் பற்றிய மின்னஞ்சல்கள், கூட்டக் குறிப்புகள், மதிப்பீடுகள் ஆகியவற்றைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வரையறுத்து, கவுன்சிலிடமும் அமைச்சகத்திடமும் தனித்தனியே கேளுங்கள். 20 வேலைநாளுக்குள் பதில் தர வேண்டும். தேசியப் பாதுகாப்பைக் காரணம் காட்டி 23, 24ஆம் பிரிவுகளின்படி மறுத்தால், முதலில் அதே அலுவலகத்தில் உள்ளக மறுபரிசீலனை கேட்டு, பிறகு தகவல் ஆணையரிடம் முறையிடலாம். கேட்பதற்குக் கட்டணம் இல்லை, மின்னஞ்சலே போதும்.